நெப்பந்தஸில் குடுவை வராததற்குக் காரணம் மண்ணும் தண்ணீரும்தான்

நெப்பந்தஸில் (பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி) இலை நன்றாக வருகிறது, நுனியில் குடுவை மட்டும் மொட்டிலேயே கருகிவிடுகிறது, தோட்ட மண்ணும் மண்புழு உரமும் போட்டு போர் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு அங்கேதான்.

இது சத்தில்லாத மண்ணில் வளர்ந்து பழகிய செடி. வேரில் கிடைக்காத நைட்ரஜனைத்தான் பூச்சியிலிருந்து எடுக்கிறது, அதனால் உரமும் உப்புத் தண்ணீரும் வேரைத்தான் முதலில் கெடுக்கும். உடனே ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்து மாற்றி நடுங்கள். தேங்காய் நார்த்துண்டு சேர்ப்பதானால் உப்பு போக மூன்று நான்கு முறை ஊறவைத்து அலச வேண்டும். மாற்றும்போது வேர் கருப்பாக, நூல் மாதிரி இருக்கும், அழுகிவிட்டது என்று பயந்து தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள், அதன் நிறமே அதுதான்.

அப்புறம் தண்ணீர். மழைநீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 50க்குள் இருக்கும் ஆர்ஓ தண்ணீர். பாசி ஈரமாக இருந்தால் போதும், அடித்தட்டில் தேங்கக் கூடாது (சாரசீனியா என்ற இன்னொரு குடுவைச் செடிக்குத்தான் தட்டுத் தண்ணீர் பிடிக்கும்).

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படட்டும், மதிய வெயிலும் ஏசி காற்றும் வேண்டாம். காற்றில் ஈரம் மிகவும் குறைந்தால் குடுவை மொட்டு காய்ந்துவிடும், மற்றச் செடிகளோடு நெருக்கி வையுங்கள். இறைச்சித் துண்டெல்லாம் போடாதீர்கள், எறும்பு தானே வந்து விழும்.

கருகிய மொட்டுகள் இனி திறக்காது, புது இலைகளைப் பாருங்கள். சில வாரம் பிடிக்கும். மாற்றி நட்டதும் ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.