கல்யாணக் கதைதானே என்று கைவிடலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஏழு பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படித்துப் பேசுகிறோம். சென்ற மாதம் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வை எடுத்துக்கொண்டோம். இருவருக்கு மிகவும் பிடித்தது. மூவர் பாதியில் வைத்துவிட்டார்கள். ஒருவர், “யாருக்கு யாரைக் கட்டிவைப்பது என்ற பேச்சைத் தவிர இதில் கதையே இல்லை” என்றார். நான் கதாநாயகியைச் சகித்துக்கொண்டுதான் படித்து முடித்தேன். ஏழில் ஐந்து பேருக்குப் பிடிக்காத ஒரு கல்யாண நாவலைப் பெரிய இலக்கியம் என்று எதனால் சொல்கிறார்கள்? நல்ல நாவல் என்றால் எல்லாருக்கும் பிடிக்க வேண்டாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் குழுவில் எழுந்த கருத்துகளில் ஒன்றுகூடப் புதிதில்லை. அவற்றையெல்லாம் நாவலை எழுதியவரே கேட்டுத் தம் கையால் எழுதியும் வைத்திருக்கிறார். 1815 டிசம்பரில் லண்டனில் ஜான் மர்ரே ‘எம்மா’வை வெளியிட்ட பிறகு, வீட்டாரும் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் அதைப் பற்றிச் சொன்னவற்றை ஜேன் ஆஸ்டின் ஒரு பட்டியலாகத் தொகுத்தார். அதில் அவருடைய தாயார், இது மகளின் முந்தைய நாவலான ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’கைவிடக் கலகலப்பானது, ஆனால் அதற்கும் முந்தைய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ அளவுக்கு மனத்தை ஈர்க்கவில்லை என்கிறார். அதே வீட்டில் இருந்த அக்கா கஸாண்ட்ராவுக்கோ இது ‘பிரைட் அண்ட் பிரெஜுடி’ஸுக்கு மேலே, ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’குக்குக் கீழே. கடற்படையில் இருந்த தம்பி சார்ல்ஸ் கப்பல் பயணத்திலேயே மூன்று முறை படித்துவிட்டார். டிக்வீட் என்ற அண்டை வீட்டு அம்மையார், எழுதியவரைத் தெரிந்திராவிட்டால் படித்து முடித்திருக்கவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஃபௌல் என்பவர், நாவல் சுவையாக இல்லையென்று யாரோ சொல்லக் கேட்டு, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தார். ‘எடின்பரோ ரிவ்யூ’ என்ற விமர்சன இதழின் ஆசிரியர் ஜெஃப்ரியோ இந்தப் புத்தகத்தால் மூன்று இரவுகள் தூக்கம் கெட்டார்.

ஆகவே, எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நான் ஏற்க மாட்டேன். தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு உடன்படாத ஒரு விஷயத்தில் உங்கள் குடியிருப்பின் ஏழு பேர் உடன்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. ஏழில் ஐந்து என்று கை தூக்கச் சொல்லி எண்ணுவதும் உதவாது. சொன்னவர் நாவலில் எதைப் பார்த்துச் சொன்னார், எதைப் பாராமல் சொன்னார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

‘கதையே இல்லை’ என்ற உங்கள் தோழியோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. அவருக்குத் துணையாக அந்தக் காலத்தில் பெரும் புகழோடு இருந்த நாவலாசிரியை மரியா எட்ஜ்வொர்த்தே நிற்கிறார். தமக்கு அனுப்பப்பட்ட பிரதியைப் படித்துவிட்டு, இதில் கதை என்று ஒன்றும் இல்லை என்று கடிதத்தில் எழுதிய அவர், எம்மாவின் தந்தைக்குப் பிடித்தமான நீர்த்த கஞ்சியையும் அதோடு சேர்த்துக் குறிப்பிட்டார். இருவருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: 28ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள்.

எம்மாவின் ஊரில் பேட்ஸ் குடும்பத்தார் குடியிருக்கும் மாடிப் பகுதி அது. பாட்டியின் மூக்குக்கண்ணாடியில் சின்ன ஆணி ஒன்று கழன்றுவிட்டது. அதைப் பொருத்தித் தருகிறேன் என்று, ஊருக்கு வந்திருக்கும் இளைஞன் ஃபிராங்க் சர்ச்சில் உட்கார்ந்திருக்க, மகள் மிஸ் பேட்ஸ் அவனுடைய சிற்றன்னை வெஸ்டன் அம்மாளோடு, எதிர்க் கடையில் நிற்கும் எம்மாவையும் அவள் தோழி ஹாரியட்டையும் அழைத்துவரக் கீழே இறங்கிப் போகிறார். அவர்கள் ஏறி வரும்போது அறை நிசப்தமாக இருக்கிறது. பாட்டி கணப்படுப்பின் பக்கத்தில் உறங்குகிறார். ஃபிராங்க் மேசையருகே கண்ணாடியில் ஆழ்ந்திருக்கிறான். பேத்தி ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி பியானோவின் முன் நிற்கிறாள். அனுப்பியவர் பெயர் தெரியாமல் லண்டனிலிருந்து அண்மையில் வந்திறங்கிய பியானோ அது. வாசிக்கச் சொன்னால் அவளால் உடனே தொடங்க முடியவில்லை. பியானோ வந்து சில நாளே ஆகியிருப்பதால், அதைத் தொட்டாலே மனம் நெகிழ்கிறது போலும் என்று எம்மா நினைத்துக்கொள்கிறாள். நாமும் அப்படியே நினைத்துப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

நடந்தது என்னவென்றால், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் திருமணத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கும் இருவருக்கு, உறங்கும் பாட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் சில நிமிடங்கள் கிடைத்தன. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் ஒருவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான், மற்றவள் முகத்தை மறைத்துக்கொண்டாள். சற்று முன்னால் ஃபிராங்க் முடி வெட்டிக்கொள்வதற்கென்றே லண்டன் வரை குதிரை வண்டியில் போய் வந்ததை ஊரே பேசியது நினைவிருக்கும். பியானோவுக்குச் சொல்லிவைக்கத்தான் அந்தப் பயணம். இவ்வளவும் நம் கண்ணெதிரே நடக்கிறது. ஆசிரியர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஆனால் எம்மாவின் பார்வையிலேயே நம்மையும் நடத்திச் செல்வதால், அவள் ஏமாறுகிற இடமெல்லாம் நாமும் ஏமாறுகிறோம். கதையே இல்லை என்று சொன்னவர், இரண்டாவது கதை ஒன்று தமக்குப் பக்கத்திலேயே நடந்ததைக் கவனிக்காமல் எழுந்து வந்தவர். அவரைக் குறையாகச் சொல்லவில்லை. முதன்முறை படித்தபோது நானும் மிஸ் பேட்ஸ் வாய் திறந்தாலே பத்தி பத்தியாகத் தாண்டிப் போனவன்தான். ஊரில் யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்ற தடயம் பெரும்பாலும் அந்த ஓயாத பேச்சுக்குள்தான் கிடக்கிறது என்பது மறுவாசிப்பில்தான் தெரிந்தது.

இனி உங்கள் குறை. எம்மாவைச் சகிக்க முடியவில்லை என்கிறீர்கள். ஆஸ்டினின் அண்ணன் மகள் ஃபேனி நைட்டும் அதையே சொல்லிப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறார். எழுதத் தொடங்கும்போதே, என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு கதாநாயகியை எடுத்துக்கொள்ளப்போகிறேன் என்று ஆஸ்டின் சொன்னதாக அவருடைய குடும்பத்தார் பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. நீங்கள் உணர்ந்தது சரி. அதை நாவலின் பிழைக் கணக்கில் எழுதியதுதான் தவறு. 21 வயதும் 30,000 பவுண்டு சொத்தும் உள்ள ஒரு பெண், தந்தை பெயர் அறியாத 17 வயது ஹாரியட்டைத் தோழியாக்கிக்கொண்டு, அவளை மனதார விரும்பும் ராபர்ட் மார்ட்டின் என்ற விவசாயிக்கு மறுப்புக் கடிதம் எழுதவும் உடனிருந்து சொல்லிக்கொடுக்கிறாள். தன் விருப்பத்தை அடுத்தவளின் நன்மை என்று நம்பி வரன் பேசுகிறவர்களை நம் உறவு வட்டத்திலும் நாம் அறிவோம். அவர்கள் மீது வரும் அதே கோபம் எம்மா மீதும் வர வேண்டும் என்றுதான் ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் அந்தக் கோபம் உச்சத்துக்கு வருகிறது. ஒவ்வொருவரும் சாமர்த்தியமாக ஒன்றோ, அசட்டுத்தனமாக மூன்றோ சொல்ல வேண்டும் என்று விளையாட்டு ஆரம்பிக்கிறது. வாயைத் திறந்தால் எனக்கு மூன்று அசட்டுத்தனங்கள் வந்துவிடும் என்று மிஸ் பேட்ஸ் வெள்ளையாகச் சொல்கிறார். ஒரே நேரத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதானே உங்களுக்குக் கஷ்டம் என்று எம்மா சொல்லிவிடுகிறாள். மிஸ் பேட்ஸுக்கு உடனே புரிவதில்லை. புரிந்ததும் அவர் கோபிக்கவில்லை. முகம் இலேசாகச் சிவக்கிறது. நான் அவ்வளவு தொந்தரவாக இருந்திருக்கிறேன் போலும், இல்லாவிட்டால் பழைய சிநேகிதியிடம் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்கிறார். அந்த ஒரு வரியைப் படித்த பிறகும் இதை வெறும் கல்யாண வேடிக்கை என்று ஒருவரால் சொல்ல முடிந்தால், நான் மிகவும் வருத்தப்படுவேன். குடும்ப நண்பரும் பின்னால் அவளை மணக்கப்போகிறவருமான நைட்லி கண்டித்த பின் வீடு திரும்பும் வழியெல்லாம் எம்மா அழுகிறாள். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த மாடிப்படி ஏறுகிறாள்.

‘கல்யாண நாவல்’ என்று நீங்கள் எழுதிய சொல்லில் இருக்கும் இளக்காரத்தையும் நான் ஏற்கவில்லை. மிஸ் பேட்ஸ் யார்? அந்த ஊரின் முன்னாள் பாதிரியாருடைய மகள், மணமாகாதவர், தந்தை போனபின் வாடகை மாடியில் வயதான தாயோடு நாளுக்கு நாள் வறுமையில் இறங்கிக்கொண்டிருப்பவர். ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் அழகும் படிப்பும் சங்கீதமும் உள்ளவள். ஆனால் பணம் இல்லாததால் பிறர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் போயாக வேண்டும். அந்த வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் இடங்களை, மனித உடலை அல்ல, மனித அறிவை விற்கும் இடங்கள் என்று அவளே சொல்கிறாள். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று எம்மாவால் மட்டும் சொல்ல முடிவது எதனால்? ஏழையாக இருக்கும் கன்னியைத்தான் ஊர் இகழும், பணக்காரக் கன்னியை மதிக்கும் என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும். இந்த ஊரில் பெண்களுக்குக் கல்யாணம் என்பது சோற்றுக்கும் கூரைக்குமான ஏற்பாடு. இதை எழுதியவரும் மணமாகாதவர். சாட்டன் என்ற கிராமத்தில் அண்ணன் கொடுத்த வீட்டில் தாயோடும் அக்காவோடும் வாழ்ந்தவர். ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ இரண்டாம் பதிப்பின் நட்டத்தைக் கழித்துக்கொண்டபின், ‘எம்மா’வுக்காக அவர் உயிரோடிருந்தபோது கைக்கு வந்தது 38 பவுண்டு சொச்சம்தான். 1817 ஜூலையில், 41 வயதில் அவர் காலமானார்.

பாதியில் வைத்துவிட்ட மூவருக்கும் நியாயம் உண்டு. 55 அத்தியாயங்கள், யாரும் நெடுந்தூரம் போவதில்லை, யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை. பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்கும் உரிமை வாசகருக்கு உண்டு. ஆனால் மூடிவைத்தவர்கள் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்காரக் கூடாது. அந்த விஷயத்தில் அவர்கள் ஃபௌலின் வரிசையில்தான் இருக்கிறார்கள். கல்யாண வைபவத்தை எதிர்பார்த்துப் படித்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். கடைசியில் மூன்று திருமணங்கள் நடந்தும் விருந்து ஒன்றுகூட விரிவாக இல்லை. எம்மாவின் மணக்கோலத்தை நாம் அறிவது, அங்கே வந்திராத, ஊர்ப் பாதிரியாரின் மனைவி எல்டன் அம்மாள் கணவர் சொல்லக் கேட்டு, வெள்ளைச் சாட்டின் துணி போதாது, லேஸ் முக்காடு போதாது என்று குறைபட்டுக்கொள்ளும் ஒரு வரியில்தான். அந்தத் திருமணத்துக்கு எம்மாவின் தந்தை சம்மதித்ததும், பக்கத்தில் கோழிக்கூட்டை உடைத்து வான்கோழிகளைத் திருடிப்போனார்கள் என்ற பயத்தில், வீட்டில் ஆண்துணை இருக்கட்டும் என்று எண்ணித்தான். பெரிய மனமாற்றம் ஒன்றை எழுதிவிட வாய்ப்பிருந்த இடத்தில் வான்கோழியை வைத்தாரே, அதுவே அந்த முதியவருக்குப் பொருத்தமான காரணம். அவர் மகள் நினைக்கிறபடியெல்லாம் மாறக்கூடியவர் அல்லர். பயம் மட்டுமே அவரை அசைக்கும் என்பதை ஆசிரியர் முதல் அத்தியாயத்திலிருந்தே காட்டி வந்திருக்கிறார்.

பிடித்தது என்ற இருவரையும் நான் விடப்போவதில்லை. எது பிடித்தது என்று அவர்கள் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கூட்டத்தில் அவர்களில் ஒருவரை 28ஆம் அத்தியாயத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. பாதியில் வைத்த மூவரும் கேட்கட்டும். படித்து முடித்ததும், மிஸ் பேட்ஸ் மாடிப்படி இறங்கியதிலிருந்து திரும்பி ஏறும்வரை அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று ‘கதையே இல்லை’ என்ற தோழியைக் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.