கம்பி குத்திய கண்ணில் பார்வை திரும்புமா?

கேள்வி: என் தம்பிக்கு வேலையிடத்தில் கம்பி குத்தி வலது கண் கிழிந்தது. சேர்த்த அன்று, முகத்துக்கு முன் கையை ஆட்டினால் மட்டும் தெரிந்தது. தையல் போட்டுவிட்டார்கள். விழித்திரை விலகியிருக்கிறதாம். பார்வை வருமா என்றால், "இப்போது சொல்ல முடியாது" என்கிறார் டாக்டர். கண்ணையே மாற்றித் தரும் இடம் இருப்பதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முழுக் கண்ணை மாற்றிப் பார்வை தரும் சிகிச்சை உலகில் எங்கும் இல்லை. 2023-ல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணைப் பொருத்தினார்கள், பார்வை வரவில்லை. தானக் கண்ணிலிருந்து எடுத்து வைப்பது முன்பக்கக் கருவிழியைத்தான். உங்கள் தம்பிக்குக் கோளாறு பின்னால், விழித்திரையில். தரகர் பின்னால் அலைந்தால் பணத்தோடு நாளும் போகும். அதற்குள் தழும்பு வளர்ந்து விழித்திரையைச் சுருக்கிவிடும். 'ஸ்டெம் செல் ஊசி' என்று வருபவரையும் வாசலோடு அனுப்புங்கள்.

டாக்டர் மழுப்பவில்லை. ஆனாலும் ஓரளவு கணிக்கலாம். 2002-ல் வந்த ஒரு புள்ளிமுறை இருக்கிறது. முதல் நாள் பார்வைக்குப் புள்ளி கொடுத்து, பாதிப்புகளுக்குக் கழிப்பார்கள். கை அசைவு தெரிந்தால் 70. விழித்திரை விலகலுக்கு 11 போகும். வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கண்பாப்பா சோதனையில் நரம்புக் கோளாறு தெரிந்தால் இன்னும் 10. மிச்சம் 49. மிஞ்சும் புள்ளியை வைத்து வகை பிரிப்பார்கள். 49 விழும் வகையில் ஆறு மாதம் கழித்து நல்ல பார்வை பெற்றவர்கள் சுமார் 15 சதவீதம். கால்வாசிக்குச் சற்று மேல் பேருக்கு வெளிச்சமே தெரியாமல் போனது. கண்பாப்பா சோதனை சரியாக இருந்தால் 59. அதுவும் இதே வகைதான்.

இந்தக் கணக்குக்கு முதல் நாள் குறிப்பு வேண்டும். பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் 'கண் காயம், தைக்கப்பட்டது' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். ஒரு நிமிடத்தில் எழுதக்கூடியதை எழுதாமல் விட்டு, ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் இருட்டில் வைக்கிறார்கள். எனக்கு இதில் பொறுமையே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முதல் நாள் வெளிச்சமே தெரியவில்லை என்றாலும் கண் செத்துவிட்டதாக முடிவு கட்டக்கூடாது. கண்ணுக்குள் ரத்தம் நிறைந்திருந்தாலும் அப்படி ஆகலாம். அதை எடுத்து விழித்திரையைப் பொருத்தியபின் சிலருக்குப் பார்வை ஓரளவு வந்திருக்கிறது. 'வெளிச்சம் தெரியல, கண்ணை எடுத்துடலாம்' என்று யாராவது அவசரப்படுத்தினால், கையெழுத்துப் போடுமுன் விழித்திரை நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், நல்ல கண். அபூர்வமாக, வாரங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ அதிலும் அழற்சி வரலாம். சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, மங்கினாலோ அன்றே கூட்டிப் போங்கள்.