விழுந்தால் போன் செய்யும் வாட்ச்: அம்மாவுக்கு வாங்கலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 76. போன மாதம் பாத்ரூமில் விழுந்து, வேலைக்கு வரும் அக்கா பார்க்கும்வரை எழ முடியாமல் கிடந்தார். விழுந்தால் தானாகப் போன் செய்யும் வாட்ச் வாங்கலாமா? நான் பெங்களூரில் இருக்கிறேன்.

பதில்: வாங்குங்கள். ஆனால் அதற்கு முன், போன் வந்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறக்கப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் கடலூர் வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவிட்டு, முதல் நம்பராக அவர்களுடையதைப் போடுங்கள். எலும்பு முறியாவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாட்சில் உள்ள அசைவை அளக்கும் சென்சார் சும்மா நிற்கும்போது 1 ஜி (பூமியின் ஈர்ப்பு அளவு) காட்டும், விழும் நொடியில் அது குறைந்து, தரையில் மோதும்போது சட்டென்று பல மடங்கு ஏறி, அப்புறம் அசைவே இருக்காது. இந்த வரிசையைத்தான் அது தேடுகிறது. சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்தால் பல நேரம் கண்டுபிடிக்காது, வயதானவர்கள் அப்படியும் நிறைய விழுகிறார்கள். மேசையில் கையை ஓங்கித் தட்டினால் வீணாக அலாரம் அடிக்கலாம். ஆப்பிள் வாட்சில் 2018-ல் வந்த சீரிஸ் 4 முதல் இந்த வசதி உண்டு. விலை குறைந்த பல வாட்சுகளில் கிடையாது, கேட்டு வாங்குங்கள்.

பாத்ரூமுக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் வாங்கியதே வீண். தண்ணீர் படலாம் என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். சார்ஜ் போடுவதை மத்தியானம் டிவி பார்க்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும், இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது வாட்ச் கையில் இருந்தாக வேண்டும்.

சரி, அம்மா ஏன் விழுந்தார்? கடலூர் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டி, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் தலைசுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பிபி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கண்புரை, சர்க்கரையால் வரும் கால் மரத்துப்போதல் இரண்டையும் கேளுங்கள். பாத்ரூமில் கைப்பிடி இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் பக்கத்து வீட்டாரிடமும் அதைச் சொல்லி வையுங்கள். தலையில் அடிபட்டால், அம்மா "ஒண்ணும் இல்ல" என்று சொன்னாலும் 108-ஐக் கூப்பிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.