அடிப்படை உரிமைக்கு வரம்பு ஏன்?

உரிமையைக் கொடுத்துவிட்டு அதற்கு வரம்பும் வைப்பது முரண் இல்லையா என்பதே கேள்வி.

அடிப்படை உரிமை என்பது, அரசு நினைத்தபடி பறிக்க முடியாதவாறு அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்துள்ள உரிமையாகும். பேசுதல், ஆயுதமின்றி அமைதியாகக் கூடுதல், நாட்டின் எப்பகுதிக்கும் செல்லுதல் முதலிய சுதந்திரங்களைப் பிரிவு 19 குடிமக்களுக்கு மட்டுமே வழங்குகிறது. சட்டத்தின் முன் சமத்துவமும் (பிரிவு 14), உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பும் (பிரிவு 21) கன்னியாகுமரியில் சூரிய உதயம் காண வரும் வெளிநாட்டவருக்கும் உண்டு.

ஒருவரின் உரிமை மற்றொருவரின் உரிமையோடு உரசும் இடத்தில்தான் வரம்பு தேவைப்படுகிறது. பேச்சிப்பாறை அணை திறந்ததும் கால்வாயின் தலைப்பில் உள்ளவர் தம் வயலுக்கு நீர் பாய்ச்சுவதை யாரும் குறை சொல்வதில்லை. வயல் நிறைந்த பிறகும் அவர் மடையை அடைக்காவிட்டால், அதே நீரில் பங்குள்ள, கால்வாயின் கடைசியில் இருக்கும் வயல் காய்ந்துவிடும். கோயில் கொடை விழாவானாலும் தேவாலயத் திருவிழாவானாலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை இருப்பதும் இதே காரணத்தால்தான்.

வரம்பு உண்டு என்பதால் அதிகாரி வாய்மொழியாகச் சொல்லும் எந்தத் தடையும் செல்லும் என்று பலர் நினைப்பது தவறு. பிரிவு 19 தரும் சுதந்திரங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வேண்டும், அது அப்பிரிவே குறிப்பிடும் காரணங்களுக்குள் அடங்க வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும், அதை நீதிமன்றம் ஆராய முடியும்.