செல்லுக்கு எதற்கு நானோ சாரம்?

கேள்வி: சேதமான திசு மறுபடி வளர, தானே ஒன்றுகூடும் நானோ சாரம் (கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல, செல்கள் பற்றி வளர ஒரு நுண்ணிய தாங்கி) வைக்கிறார்கள் என்று படித்தேன். யாரும் கட்டாமல் ஒரு பொருள் தானே எப்படிக் கூடும்? அதுவும் ஏன் நானோ, கொஞ்சம் பெரிதாகச் செய்தால் ஆகாதா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செல் ஒன்றின் அகலம் பத்து இருபது மைக்ரோமீட்டர் இருக்கலாம், ஆனால் அது வெளியே எதையாவது பற்றிக்கொள்வது இன்டெக்ரின் என்ற புரதங்களால், அவற்றின் தலை சுமார் 10 நானோமீட்டர்தான் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஜெர்மனியில் யோவாகிம் ஸ்பாட்ஸ் குழுவினர் 2004-இல் ஓர் அழகான சோதனை செய்தார்கள். ஒரு புள்ளியில் ஒரே ஓர் இன்டெக்ரின் மட்டும் பிடிக்கும்படி சின்னச் சின்னத் தங்கப் புள்ளிகளை வைத்து, புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தை மாற்றிப் பார்த்தார்கள். 58 நானோமீட்டர் தள்ளி வைத்தால் செல்கள் நன்றாக ஒட்டிப் பரவின. 73 ஆனதும் சரியாக ஒட்டவே இல்லை. வெறும் பதினைந்து நானோமீட்டர் வித்தியாசம், தலைமுடி ஒன்றின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! செல் அவ்வளவு நுணுக்கமாகத் தடவிப் பார்க்கிறது, அதனால்தான் சாரமும் அந்த அளவில் இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, அவ்வளவு சிறியதை எந்தக் கருவி கட்டும்? மூலக்கூறுகளையே கட்ட விடுவதுதான் வழி. அப்படித் தானே கூடுபவை சில பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஷுகுவாங் ஜாங் ஈஸ்ட் புரதம் ஒன்றை ஆராய்ந்தபோது கண்ணில் பட்ட ஒரு துண்டிலிருந்து வளர்ந்தவை இவை. அவற்றில் ராடா-16 என்பதற்குப் பதினாறே அமினோ அமிலங்கள். அதன் ஒரு பக்கம் தண்ணீருக்கு ஒதுங்கும், மறுபக்கத்தில் நேர், எதிர் மின்னூட்டங்கள் மாறி மாறி வரும். உப்புள்ள உடல் திரவத்தில் விட்டதும் ஒதுங்கும் பக்கங்கள் ஒன்றோடொன்று மறைந்துகொள்ள, நேர் எதிரைப் பிடிக்க, ஹைட்ரஜன் பிணைப்புகள் வரிசையாக இறுக, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகள் உருவாகிப் பின்னிக்கொள்கின்றன. கிடைக்கும் ஜெல்லில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் இப்படித் தானே அடுக்கிக்கொண்டுதான் இழையாகிறது, புதிதாக ஒன்றும் இல்லை.

இந்த வகை ஜெல் ஏற்கனவே மருத்துவத்துக்கு வந்துவிட்டது, ரத்தக் கசிவை நிறுத்த. தண்டுவடக் காயத்துக்கு? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழு 2021-இல், பின்னங்கால் செயலிழந்த சுண்டெலிகளுக்கு இதுபோன்ற இழைகளை ஊசியில் செலுத்தி, நான்கு வாரத்தில் நடக்க வைத்தது. எனக்கு அதைப் படித்தபோது மனசு நிறைந்துபோனது. ஆனால் அது சுண்டெலியில் நடந்தது, இதைச் சொல்லாமல் நம்பிக்கை மட்டும் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நானோ பூச்சு போட்டதாகக் கேட்டு வாங்கலாமா?

பதில்: அதற்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்று மூட்டுகளில் வழக்கமாக வருவது ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு, எலும்பிலுள்ள அதே வகைத் தாது. பெரும்பாலும் அதிக வெப்பத்தில் தெளிக்கப்படுவது, தானே கூடுவது அல்ல, பல மைக்ரோமீட்டர் தடிமனானதும்கூட. நீங்கள் படித்திருக்கக்கூடியது அடுக்கடுக்கான பூச்சு: உலோகத்தை நேர் மின்னூட்டமுள்ள பாலிமரில் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில்) முக்கி, அலசி, எதிர் மின்னூட்டப் பாலிமரில் முக்கி, இப்படியே திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முக்கலிலும் சில நானோமீட்டர் ஏறும், இடையில் எலும்பு வளர்க்கும் புரதத்தையும் வைக்கலாம். எம்.ஐ.டி.யில் பாலா ஹாமண்ட் குழு இதை எலிகளில் செய்து, பூசிய உள்வைப்பைச் சுற்றிப் புது எலும்பு வளர்வதைக் காட்டியது. மனிதருக்கு வரும்முன், கிருமி நீக்கும்போது அந்தப் புரதம் கெடக்கூடாது, எலும்புக்குள் தட்டி இறக்கும்போது பூச்சு உரியக்கூடாது.

அப்புறம் ஒன்று, மூட்டில் டைட்டானியம் பாகம் இருந்தால் அதன்மேல் காற்று பட்டதுமே சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் தானாக உருவாகிவிடும். எலும்பு டைட்டானியத்தோடு அவ்வளவு இணங்கிப் போவதற்கு அந்தப் படலம் முக்கியமான காரணம்.