36 மணி நேரத்துக்கு ஒரு பயிற்றுநர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டுக் குழுச் செயலாளர் நான். சுற்றிலும் செம்பனையும் கொஞ்சம் ரப்பரும்தான். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்தும் பக்கத்துத் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகள்) மோட்டாரில் வருகிறவர்கள். கல்லூரியின் ஆண்கள், பெண்கள் கூடைப்பந்து அணிகளுக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் உடல்நலம் கருதி விலகிவிட்டார். மூன்று விண்ணப்பங்கள் வந்துள்ளன. முதலாமவர் மாநில அணிக்கு ஆடியவர், ஈப்போவில் இருக்கிறார். இரண்டாமவர் சீனப்பள்ளியில் நீண்டகாலம் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். தமிழ் தெரியாது, மலாய் நன்றாகப் பேசுவார். மூன்றாமவர் எங்கள் முன்னாள் மாணவர், 26 வயது, நான்கு ஆண்டுகளாகத் துணைப் பயிற்றுநர். நிர்வாகத்துக்கு முதலாமவரைப் பிடித்திருக்கிறது, மாணவர்களுக்கு மூன்றாமவரை. தேர்வுக் குழுவில் இருக்கும் நாங்கள் யாரும் கூடைப்பந்து ஆடியவர்கள் அல்லர். எதைக் கேட்பது, எதைப் பார்த்து முடிவெடுப்பது?

செயலாளர்,
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள செயலாளருக்கு,

வணக்கம். பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பருவம் 14 வாரம் என்றால் கடைசி இரண்டு வாரம் தேர்வுக்குப் போய்விடும். மிச்சம் 12 வாரம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 48 மணி. சாயங்கால மழை, பொது விடுமுறை, வகுப்பு மாற்றம் என்று அதில் கால் பங்கு கரைந்துவிடும். கையில் நிற்பது 36 மணி நேரம். அதோடு, டிப்ளோமா மாணவர் உங்களிடம் இருப்பது இரண்டரை, மூன்று ஆண்டு. பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தளப் படிப்புக்கு வருகிறவர் ஓராண்டுதான். ஆண்டுதோறும் அணியில் ஏறக்குறைய பாதி முகம் புதிதாக இருக்கும்.

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநர் உயர்நிலைப்பள்ளிகளைச் சுற்றிவந்து, உதவித்தொகை கொடுத்து, தனக்கு வேண்டிய ஆட்டக்காரரைப் பொறுக்கிக்கொள்வார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. சேர்க்கைக்கு யார் வருகிறார்களோ அவர்கள்தான் அணி. ஆகவே நீங்கள் தேடவேண்டியது, பந்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளையை 36 மணி நேரத்தில் ஓர் ஆட்டத்தில் இறக்கக்கூடிய ஆசிரியரை. என் பதில் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை மூன்று விண்ணப்பதாரரிடமும் கேளுங்கள். உங்கள் ஊரில் பெண்கள் பெரும்பாலும் பள்ளியில் வலைப்பந்து ஆடியிருப்பார்கள். வளையத்தின் உயரம் இரண்டுக்கும் ஒன்றே, 3.05 மீட்டர். பாஸும் பிடிப்பும் ஒற்றைக்காலில் திரும்புவதும் அவர்களுக்கு நன்றாக வரும். ஆனால் வலைப்பந்தில் டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது, கிடையாது, வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது. பந்து வைத்திருப்பவரிடமிருந்து மூன்று அடி தள்ளி நின்று தடுத்துப் பழகியவர்கள். அதனால் கூடைக்கு அருகே ஓடிவந்து போட்டு, பலகையில் பட்டு விழும் லேஅப், நடந்துகொண்டே பந்தைத் தட்டுவது, எதிராளியோடு கை நீளத்துக்குள் நிற்பது, இந்த மூன்றும் முதல் நாளே தொடங்கவேண்டும். காற்பந்து ஆடிய பையன்களுக்குக் காலி இடம் எங்கே இருக்கிறது என்று கண் தானாகப் பார்க்கும், கைதான் தடுமாறும். கபடி ஆடியவன் இடுப்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நகரத் தெரிந்தவன். தற்காப்புக்கு அவனைவிட நல்ல கச்சாப்பொருள் கிடையாது. இதையெல்லாம் கேட்டதும் முகம் மலர்ந்து பேச ஆரம்பிக்கிற விண்ணப்பதாரர் உங்களுக்கு வேண்டியவர். "அனுபவமுள்ள ஆட்டக்காரர் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்பவரைப் பற்றி யோசியுங்கள்.

நேர்முகத்தேர்வு அரை மணி நேரம் போதும். உண்மையான தேர்வு திடலில் நடக்கவேண்டும். மூவருக்கும் தனித்தனி நாள் கொடுங்கள். அதே மாணவர்கள், அதே நேரம், சாயங்காலம் ஐந்தரை மணி. 14 ஆட்டக்காரர், ஆறு பந்து, 60 நிமிடம். ஆண்களுக்கு 7ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6ஆம் எண். இதைச் சொல்லாமலே கேட்டு வாங்குகிறாரா என்று பாருங்கள். இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள்: "பலகையில் பட்டு விழும் லேஅப்பும், ஆளுக்கொரு எதிராளியைத் தடுக்கும் ஒருவருக்கொருவர் தற்காப்பும் சொல்லிக்கொடுங்கள்." மழை பெய்தால் ஒத்திவைக்க வேண்டாம். கூரையுள்ள நடைபாதையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆறு பந்தை வைத்துக்கொண்டு இடக்கை டிரிபிள், நிற்கும் நிலை, பாஸ் என்று ஒரு மணி நேரத்தை நிரப்பத் தெரிந்தவருக்கு உங்கள் ஊர் மழைக்காலம் தடையாக இருக்காது.

நீங்கள் கூடைப்பந்து ஆடாதவர்கள் என்பது இங்கே குறையே இல்லை, ஏனென்றால் பார்க்கவேண்டியதை எண்ணிவிடலாம். உங்கள் குழுவில் மூன்று பேர் மூன்று தாளோடு உட்காருங்கள். குழுவின் முதல் ஆள் நடுத்தரமான ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அவர் கைக்குப் பந்து எத்தனை முறை போகிறது என்று கோடு போடட்டும். இரண்டாம் ஆள் கைக்கடிகாரத்தோடு, எல்லாரும் சும்மா நிற்கும் நேரத்தைக் கூட்டட்டும். ஒரே வளையத்துக்கு 14 பேர் ஒரே வரிசையில் நின்றால், ஒரு முறை ஓடியபின் பதின்மூன்று பேர் ஓடி முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டு வளையத்திலும் வலப்பக்கம், இடப்பக்கம் என்று பிரித்தால் வரிசைக்கு நான்கு பேருக்குமேல் வராது. இந்த ஒரு விஷயத்திலேயே பாதி விண்ணப்பதாரர்கள் தடுக்கி விழுவார்கள். பயிற்சி என்றால் ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடவிட்டு ஓரத்தில் நின்று கத்துவது என்று நினைப்பவர்களும் இங்கேயே தெரிந்துவிடுவார்கள்.

குழுவின் மூன்றாம் ஆள் எழுதும் தாள்தான் முக்கியம். பயிற்றுநர் வாய் திறந்து சொல்லும் ஒவ்வொன்றையும் நான்கு கட்டத்தில் குறிக்கவேண்டும்: செய்முறை, பாராட்டு, திட்டு, வெறும் சத்தம். "முழங்கையை வளையத்துக்கு நேராக வை" என்பது செய்முறை. "ஓடு, ஓடு!" என்பது சத்தம். இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஜான் வூடன் 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 முறை அமெரிக்கக் கல்லூரி வெற்றியாளர் பட்டம் வென்றார். அவருடைய கடைசிப் பருவமான 1974–75இல் ரோலண்ட் தார்ப், ரோனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவர் நடத்திய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் இப்படித்தான் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் முக்கால்வாசி, என்ன செய்வது, எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டு ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அதிருப்தியும் ஏறக்குறைய அவ்வளவே. உங்கள் விண்ணப்பதாரர் வூடனாக வேண்டியதில்லை. ஆனால் தாளில் பாதிக்குமேல் சத்தமாகவே இருந்தால் அவரிடம் 36 மணி நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு பிள்ளையைத் திருத்தியபின் அதே பிள்ளையின் அடுத்த முயற்சியைத் திரும்பிப் பார்க்கிறாரா? பலர் திருத்துவார்கள், அடுத்தவரிடம் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளை பழையபடியே போட்டுக்கொண்டிருக்கும். திரும்பிவந்து பார்க்கிறவரிடம்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

திடலுக்கு வரும்போதே 12 வாரத் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். 36 மணி நேரத்தில் அடங்கக்கூடியது இவ்வளவுதான்: ஒருவருக்கொருவர் தற்காப்பு, ஐவரும் வெளியே விரிந்து நின்று ஆடும் ஒரு தாக்குதல் முறை, எதிரணி முழுத்திடலிலும் நெருக்கினால் பந்தை எட்டு வினாடிக்குள் மையக்கோடு தாண்டிக் கொண்டுபோக ஒரு வழி, கூடைக்குக் கீழுள்ள எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும்போது ஒரு ஏற்பாடு, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ. இருபது வகை ஆட்டமுறைகளை அடுக்கியிருக்கும் திட்டம் பார்க்க அழகாக இருக்கும், போட்டியன்று ஒன்றும் நினைவுக்கு வராது. ஃப்ரீ த்ரோவை எப்போது பயிற்சி செய்வார் என்று கேளுங்கள். ஓடிக் களைத்த நிலையில், இரண்டு இரண்டாக என்றால் சரியான பதில். ஆட்டத்தில் அது அப்படித்தான் வரும். ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பிரித்துக் காக்கும் 2–3 ஸோன் தற்காப்பிலேயே எல்லாம் தொடங்கினால் காரணம் கேளுங்கள். ஸோன் சீக்கிரம் பலன் தரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் ஆளைத் தானே பார்க்கக் கற்காதவன், மூன்று புள்ளி தரும் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து நன்றாக எறியும் அணி வந்தால் திகைத்து நிற்பான்.

நேர்முகத்தில் ஒரு கணக்கைக் கொடுங்கள். நான்காம் கால்பகுதியில் 50 வினாடி மிச்சம். எதிரணி இரண்டு புள்ளி முன்னிலை, பந்து அவர்கள் கையில், அதற்குள் எறிந்தாகவேண்டிய 24 வினாடிக் கடிகாரம் அப்போதுதான் தொடங்குகிறது. உங்கள் அணி அந்தக் கால்பகுதியில் ஏற்கெனவே நான்கு ஃபவுல் செய்துவிட்டது, ஒரு டைம்-அவுட் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

உடனே ஃபவுல் செய்யச் சொன்னால் தவறு. ஐந்தாவது ஃபவுலிலிருந்து அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முழு 24 வினாடியும் தடுத்தாலும் உங்களுக்கு ஏறக்குறைய 26 வினாடி மிஞ்சும். தடுத்து, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பிடித்துத் தாக்கலாம். ஆட்டம் ஓடும்போது டைம்-அவுட் கிடையாது, ஆட்டம் நின்றால்தான் எடுக்கமுடியும். கடைசி இரண்டு நிமிடத்தில் சொந்தப் பாதியிலிருந்து பந்தை உள்ளே போடவேண்டிய நேரத்தில் டைம்-அவுட் எடுத்தால், முன்பாதியிலிருந்தே பந்தை உள்ளே போடும் உரிமை அனைத்துலக விதியில் உண்டு. அதே நிலையில் மிச்சம் 20 வினாடிதான் என்றால் பதில் மாறும். அவர்கள் எறியவே தேவையில்லை, ஃபவுல் செய்துதான் ஆகவேண்டும். விடையைவிட அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். "என் ஆட்டக்காரரில் யாருக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது?" என்று கேட்பவர் இந்த நிலைமையில் நின்றிருக்கிறார். ஐந்தாவதோடு அந்த ஆட்டக்காரர் வெளியேறவேண்டும் அல்லவா!

மற்ற கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணுக்கால் சுளுக்கிய பிள்ளை எப்போது திரும்பலாம்? அந்த ஒற்றைக்காலில் வலியில்லாமல் குதித்து, ஓடித் திரும்ப முடிந்தபின் என்று சொல்லவேண்டும். சிமெண்டுத் திடலில் "கட்டுப்போட்டு ஆடலாம்" என்பவர் வேண்டாம். நோன்பு மாதத்தில் முஸ்லிம் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு? தைப்பூச விரதத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஓட்டத்தைக் குறைப்பாரா? தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில், அதாவது எஸ்.பி.கே.கே.யில், விளையாட்டு அறிவியல், கூடைப்பந்து இரண்டிலும் எந்த நிலை முடித்திருக்கிறார்? முதலுதவிச் சான்றிதழ் உண்டா?

அவரே எழுதிக்கொடுக்கும் சிபாரிசுக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் ஆட்டங்களில் நடுவராக இருந்த ஒருவர், அவர் பயிற்சி நடத்திய திடலைப் பார்த்துக்கொள்பவர், அவர் அணியில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பழைய ஆட்டக்காரர், இந்த மூவரோடும் பேசுங்கள். ஆடாத பிள்ளையிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது நட்சத்திர ஆட்டக்காரருக்குத் தெரியாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடித்தளப் படிப்பில் 18 வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், 2017, நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் தவறு செய்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: பெண்கள் பயிற்சியில் ஒரு பெண் பொறுப்பாளர் எப்போதும் இருக்கவேண்டும், தனியாக ஒரு மாணவியையோ மாணவனையோ வண்டியில் ஏற்றிப் போகக்கூடாது, வாட்ஸ்அப் தகவல்கள் குழுவில் மட்டும், அந்தக் குழுவில் கல்லூரி அலுவலர் ஒருவர். எந்தப் பயிற்றுநரையும் இது அவமதிப்பதாகாது. நல்ல பயிற்றுநர் இதைத் தானே கேட்பார்.

இனி உங்கள் மூவர். திடல் தேர்வு மாற்றிக் காட்டாதவரை என் மனம் ஓய்வுபெற்ற ஆசிரியர் பக்கம் சாய்கிறது. பந்தையே தொடாத குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். உங்கள் வேலையும் அதுதான். மொழியைப் பற்றிப் பயப்படாதீர்கள். திடலில் கூவ வேண்டியது ஐந்தாறு சொற்கள்: கானான் (வலம்), கீரி (இடம்), துக்கார் (மாற்று), தோலோங் (உதவு), போலா (பந்து). மூன்று இனப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மலாய். சிறுவர் ஆட்ட விதிகளிலேயே ஊறியிருந்தால், தாக்கும் அணி ரீபவுண்டைப் பிடித்தால் கடிகாரம் 14 வினாடிக்குத் திரும்புவது போன்றவற்றைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முன்னாள் மாணவரைத் துணையாகவே வைத்துக்கொண்டு, சான்றிதழ்ப் பயிற்சிக் கட்டணத்தைக் கல்லூரி கட்டட்டும். 26 வயதில் தன் நண்பர்களின் தம்பிகளைப் பெஞ்சில் உட்காரவைப்பது கடினம். இரண்டு மூன்று ஆண்டில் அவர் தயாராகிவிடுவார். மாணவர்கள் அவரை விரும்புவது வீணாகவும் போகாது. மாநில ஆட்டக்காரருக்கு ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வாரம் இருமுறை வேலை முடிந்து வருவது முதல் மாதம் நடக்கும், மூன்றாம் மாதம் தாமதமாகும். அவரை மாதம் ஒருமுறை எறிதல் பயிற்சிக்கு அழையுங்கள்; பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஊக்கம். ஆனால் திடலில் அவர் தாள் மற்ற இருவர் தாளையும் மிஞ்சினால், நான் சொன்னதை மறந்துவிட்டு அவரை எடுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். முதல் ஆண்டு வெற்றி தோல்வியை எண்ணாதீர்கள். மைக் ஷெஷெவ்ஸ்கி என்ற பயிற்றுநரை 1980இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் எடுத்தபோது, முந்தைய பருவத்தில் அவருடைய ராணுவக் கல்லூரி அணி 9 வெற்றி, 17 தோல்வி. டியூக்கில் முதல் மூன்று பருவமும் சேர்த்து 38 வெற்றி, 47 தோல்வி. விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் அவரை விடவில்லை. 1991இல் முதல் பட்டம் வந்தது, மொத்தம் ஐந்து பட்டங்கள். பட்டர்ஸ் போலப் பத்தாண்டு காத்திருக்க உங்களால் முடியாது. ஆனால் ஓராண்டில் எதை அளப்பது என்று முன்பே எழுதிவைக்கலாம். பயிற்சிக்கு வருவோர் எண்ணிக்கை, பாதியில் விலகியோர், ஃப்ரீ த்ரோ சதவீதம், ஆட்டத்துக்கு எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார்கள். இந்த நான்கையும் துணைப் பயிற்றுநர் ஒரு நோட்டில் எழுதிவந்தால் போதும்.

முடிவானதும் தேர்வாகாத இருவருக்கும் அன்றே நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள், மாணவர்கள் வாயிலாக அவர்கள் கேள்விப்படுவதற்கு முன்பு. துணைப் பயிற்றுநரிடம் மட்டும் நேரில் போய்ச் சொல்லவேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்குப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறவர் அவர்தான்.

அன்புடன்.