நான்கு வயதுப் பிறந்தநாளும் பதினேழு பிள்ளைகளும்

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இதை எழுதுகிறேன். வரும் ஜூன் மாதம் என் மகளுக்கு நான்கு வயது நிறைவடைகிறது. சென்ற வருடம் நகரத்தில் மண்டபம் எடுத்து, ஒலிபெருக்கி வைத்து நடத்தினோம். கேக் வெட்டுவதற்கு முன்பே பிள்ளை அழுது தூங்கிவிட்டாள். இந்த வருடம் வீட்டிலேயே ஆரவாரமின்றிச் செய்ய விரும்புகிறோம். வரவிருக்கும் பிள்ளைகள் 17 பேர். ஆகச் சிறியவனுக்கு ஒன்றரை வயது, மூத்தவளுக்குப் பதினொரு வயது. பாதிப் பேர் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள். மற்றவர்கள் கொழும்பிலிருந்து வரும் என் கணவரின் அண்ணன் பிள்ளைகளும் உறவுக்காரப் பிள்ளைகளும். எல்லோருக்கும் பொருந்தும் விளையாட்டுகள் எவை? எவ்வளவு நேரம் நடத்தலாம்? மழை வந்தால் என்ன செய்வது? கொழும்புப் பிள்ளைகள் கோமாளி, மாயவித்தை என்றெல்லாம் பார்த்துப் பழகியவர்கள். எங்கள் இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) நடக்கும் விழா அவர்களுக்குச் சலித்துவிடுமோ என்று கூச்சமாகவும் இருக்கிறது. பரிசுகளை எல்லார் முன்னிலையிலும் திறப்பதா என்பதில் வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் மகள் கேக் வெட்டுவதற்கு முன்பே தூங்கிவிட்டாள் என்ற ஒரு வரியே இந்த ஆண்டு செய்ய வேண்டியவற்றுள் பாதியைச் சொல்லிவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளை ஒரு கூட்டத்தையும் அதன் இரைச்சலையும் மகிழ்ச்சியோடு தாங்கக்கூடியது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதன் பின் வரும் அழுகையைப் பிடிவாதம் என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது களைப்பு. ஆகவே விழாவின் நீளத்தைப் பிறந்தநாள்காரியின் வலுவைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். விருந்தினர் அனைவரும் வந்து சேர்ந்து, ஒவ்வொரு குடும்பமாக நின்று படம் எடுத்து முடியும்வரை கேக்கைத் தொடக்கூடாது என்ற வழக்கத்தை இம்முறை கைவிடுங்கள். பிள்ளைகள் கூடி அரை மணி நேரத்துக்குள் கேக்கை வெட்டிவிடலாம். பிந்தி வரும் பெரியவர்களுக்கு ஒரு துண்டு எடுத்து வைத்தால் அவர்கள் குறைப்பட மாட்டார்கள்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். ஒன்றரை வயதுக்காரனுக்கும் பதினொரு வயதுக்காரிக்கும் ஒருசேரப் பொருந்தும் விளையாட்டுகளின் பட்டியலொன்றை நான் தரப்போவதில்லை. அத்தகைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அடுத்த நிகழ்ச்சிக்கு விரட்டுகின்ற விழாக்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் களைக்க வைப்பதுதான் நடக்கிறது. நேரத்தையும் இடத்தையும் உணவையும் நீங்கள் திட்டமிட்டு, விளையாட்டைப் பெரும்பாலும் பிள்ளைகளிடமே விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், முன்பள்ளிப் பிள்ளைகள் தாமாக விளையாடும்போது அருகிலிருந்து கவனித்து, அவர்கள் பிறரோடு சேரும் விதங்களை 1932இல் வகைப்படுத்தி எழுதினார். தனியே விளையாடுவது, நின்று பார்ப்பது, இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் இருந்துகொண்டே தன்பாட்டில் விளையாடுவது, பொருள்களைக் கொடுத்து வாங்கி விளையாடுவது, பொது நோக்கத்தோடு கூட்டாக விளையாடுவது என்று அவர் பிரித்துக் காட்டியவற்றை முன்பள்ளி ஆசிரியர்கள் இன்றும் படிக்கிறார்கள். உங்கள் 17 பேரில் இந்த எல்லா வகையினரும் இருப்பார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னவன் கரண்டியால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தால், அவனும் விழாவில் கலந்துகொண்டுதான் இருக்கிறான். அந்த வயதில் கலந்துகொள்வது அப்படித்தான் இருக்கும். “போய் அண்ணாமாரோடு சேர்ந்து விளையாடு” என்று அவனைத் தள்ளிவிடாமல், அவனருகே இன்னும் இரண்டு டப்பாக்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு வகை விளையாட்டை மட்டும் அறவே தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அது தோற்றவர் வெளியேற வேண்டிய விளையாட்டு. சங்கீதக் கதிரையில் முதலில் வெளியே வருவது பெரும்பாலும் ஆகச் சிறிய பிள்ளைதான். கடைசிவரை ஆடுபவர்கள் ஓடவும் இடிக்கவும் பழகிய பெரிய பிள்ளைகள். ஓரமாக உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமை யாரிடம் ஆகக் குறைவோ அவரையே ஆக நீண்ட நேரம் உட்கார வைக்கும் ஏற்பாடு அது. பிள்ளைகள் அதைக் கேட்டு அடம்பிடித்தால், கதிரைகளுக்குப் பதிலாகச் சாக்குகளை விரித்து, பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு சாக்கை எடுத்துவிட்டு, மிஞ்சிய சாக்குகளில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று விதியை மாற்றிவிடுங்கள். கடைசிச் சாக்கு வரும்போது பெரிய பிள்ளைகள் குட்டிகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் வெளியேறவும் மாட்டார்கள். இருவர் கைகோத்து வளைவாக நிற்க மற்றவர்கள் அதன் கீழே நுழைந்து செல்லும் ‘ஒரு குடம் தண்ணி’யும் வயது பாராத விளையாட்டே.

ஆனால், கலந்த வயதுப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் சேர்த்து வைப்பது பாவனை விளையாட்டுத்தான். உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதற்குரிய சாமான்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. இரண்டு பழைய கொழுந்துக் கூடைகள், கொழுந்து எடுப்பவர்கள் கட்டுவதுபோல் இடுப்பில் கட்டப் பழைய படங்குத் துண்டுகள், ஒரு தராசு, ஒரு கொப்பி, ஒரு பென்சில் ஆகியவற்றை இஸ்தோப்பின் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். பதினொரு வயதுக்காரி கணக்கப்பிள்ளையாகி நிறுவை எழுதுவாள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்வருவார்கள். உங்கள் மகள் கொண்டுவந்த இலையை மூன்று முறை நிறுக்கச் சொல்வாள். ஒன்றரை வயதுக்காரன் கூடையை நிரப்புவதும் கொட்டுவதுமாக இருப்பான், அவனுக்கு அதுவே முழு விளையாட்டு. இலைகளை வேலியிலிருந்தோ கொய்யா மரத்திலிருந்தோ பறிக்கச் சொல்லுங்கள். மருந்து அடித்திருக்கக்கூடிய தேயிலைச் செடிகளில் பறிக்க விட வேண்டாம். ஒன்றை மட்டும் பெரியவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து வந்த பிள்ளை எப்போதும் துரையாகவும், லயத்துப் பிள்ளை எப்போதும் கொழுந்து எடுப்பவளாகவும் அமைந்துவிடுமானால், “இனி நீங்கள் மாறிக்கொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லி இடங்களை மாற்றிவிடுங்கள். படங்கு கட்டத் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் கட்டிவிடட்டும்.

கூச்சத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததற்கும் இதுவே என் பதில். கோமாளியைப் பார்க்கும் பிள்ளை உட்கார்ந்து பார்க்கிறது. உங்கள் வாசலில் அது தானே செய்யப்போகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் வீடு குறைந்ததாகத் தோன்றாது, பெரியவர்களாகிய நாம் அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசாதவரைக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு உண்மையான பொறுப்புகளைக் கொடுங்கள். காகிதப் பூ வெட்டுதல், வருபவர்களின் பெயரை எழுதி ஒட்டுதல், சின்னவர்களுக்குக் கதை சொல்லுதல் போன்றவற்றை ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் பெருமையோடு செய்வார்கள். ஆனால் நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது: பத்து வயதுப் பெண்பிள்ளையின் இடுப்பில் ஒரு குழந்தையை ஏற்றிவிட்டால், விழா முடியும்வரை அதை இறக்கி வாங்க யாரும் வருவதில்லை, அவளுடைய அண்ணனோ கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறான். அவளும் விருந்துக்கு வந்த பிள்ளைதான். குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாய் தகப்பனின் வேலையாகவே இருக்கட்டும். சின்னவர்கள் உறங்கிய பின் பெரிய பிள்ளைகளுக்கென்று கிளித்தட்டுக்கோ பந்துக்கோ ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். அதுவரை கிரிக்கெட் மட்டை வெளியே வராதிருப்பது குட்டிகளின் தலைக்கு நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு முன் சோறு போட்டு முடித்துவிடுவது நல்லது. மலைக்குப் போகும் தாய்மாருக்கும் அன்றுதான் ஓய்வு. காலையில் அறநெறி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் அதற்குள் திரும்பிவிடுவார்கள். பகலுக்குப் பின் குட்டிகளுக்குத் தூக்க நேரம். கொழும்பு உறவினரை முடிந்தால் முதல்நாளே வரச்சொல்லுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தியெடுத்து வந்திறங்கும் பிள்ளையை நேரே கூட்டத்துக்குள் விட்டால் அது யாரோடும் ஒட்டாது. ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மழையைத் தற்செயலாக வரக்கூடிய ஒன்றென்று எண்ணாமல், வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். உங்கள் மேற்குச் சரிவிலோ மே மாத இறுதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை நீடிக்கும். இஸ்தோப்பும் முன் காம்பராவும் 17 பேருக்குப் போதாது என்று நினைத்தால், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடத்தை) ஞாயிறு காலை தர முடியுமா என்று அங்கே பொறுப்பாக இருப்பவரிடமும் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்கென்றே அமைந்த இடம், அவர்கள் பழகிய இடமும்கூட. எங்கே நடத்தினாலும், பாய் விரித்து, ஒலிபெருக்கியின் சத்தம் எட்டாதபடி ஒரு அறையை ஒதுக்கி வையுங்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்ட பிள்ளை அங்கே போய்ப் படுத்திருந்துவிட்டுத் தானாகவே திரும்பி வரும். ஒலிபெருக்கியே இல்லாவிட்டால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. ஆண்கள் குடிக்க விரும்பினால் அதை இரவுக்கும் வேறோர் இடத்துக்கும் தள்ளிப்போடும்படி உங்கள் கணவர் முன்னரே சொல்லிவிட வேண்டும். அன்று வாசலில் வைத்துச் சொல்வது கடினம்.

உணவில் பாற்சோறு, இட்லி, மென்மையான பட்டர் கேக், வாழைப்பழம் என்று எளிமையாக வைத்துக்கொண்டால் எல்லா வயதினரும் உண்பார்கள். உறைப்பானவற்றைப் பெரியவர்களுக்குத் தனியாக வைக்கலாம். இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஜூன் ரம்புட்டான் காலம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வழியில் பை நிறைய வாங்கிக்கொண்டு வருவார்கள், அன்போடு பிள்ளைகளின் கையிலும் கொடுப்பார்கள். உறிஞ்சும்போது வழுக்கி உள்ளே போகும் அந்த விதை சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயை முழுதாக அடைத்துவிடக்கூடியது. நம் நாட்டில் இதனால் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சதையை விதையிலிருந்து பிய்த்து மட்டுமே கொடுங்கள். அவர்களுக்கு முழு நிலக்கடலையும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டே மெல்ல விடாதீர்கள்.

பலூனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம் என்பதால், எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஊதாத பலூனையோ உடைந்த துண்டையோ வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காகிதத் தோரணம் போதும் என்பேன். நுரை தெளிக்கும் டின்களையும் தவிருங்கள்; அவற்றுள் சில மெழுகுவர்த்திச் சுடருக்கு அருகே தீப்பற்றக்கூடியவை, குட்டிகள் அவற்றைக் கண்டு பயப்படவும் செய்வார்கள். கொதிக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைக்க வேண்டாம். லயத்துக்கு முன்னால் ஓடும் வடிகாலான கானுக்குக் குறுக்கே ஒரு பலகையோ பெஞ்சோ போட்டு, அந்தப் பக்கம் ஒரு பெரியவர் அமர்ந்திருக்கட்டும். யாருக்காவது மூச்சடைத்தால் முதுகில் தட்டி உதவத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருப்பதையும், இலவச அம்பியூலன்ஸ் சேவையின் 1990 என்ற எண் எல்லோருக்கும் தெரிந்திருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பரிசுகளை எல்லார் முன்னிலையிலும் திறக்க வேண்டாம் என்பவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். லயத்துப் பிள்ளை ஒரு சவர்க்காரக் கட்டியையோ பிஸ்கட் பக்கற்றையோ காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரும். கொழும்பிலிருந்து பற்றரியில் ஓடும் கார் வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் பிரித்துக் காட்டினால், கொண்டுவந்த பிள்ளையின் முகம் மாறுவதை நீங்களே பார்க்க வேண்டியிருக்கும். பரிசை வாங்கும்போது உங்கள் மகள் ஒவ்வொருவரின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லட்டும். பிறகு பெட்டிகளை உள்ளே வைத்துவிடுங்கள். கொழும்பு உறவினர் எதிர்பார்ப்பார்கள் என்றால், மறுநாள் அவள் அந்தப் பொம்மையோடு விளையாடும் படத்தை அவர்களுக்கு அனுப்பலாம். திறக்கும்போது, பட்டன் போன்ற வட்டப் பற்றரி உள்ள பொம்மைகளின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பற்றரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். மூடி தளர்ந்திருந்தால் பற்றரியைக் கழற்றி எடுத்துவிட்டுப் பொம்மையைக் கொடுங்கள். பற்றரி இல்லாமலேயே அவள் அதைத் தள்ளி விளையாடுவாள்.

அன்புடன்,
டீச்சர்